சுடுவதற்கு முன் டஸ்கியா என்று தெரிய வேண்டும்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வேட்டை விதிகளில், சுடக்கூடாத டஸ்கி கனடா வாத்துக்கு (கனடா வாத்தின் கறுத்த துணையினம் அது) ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறார்கள். மார்பு கறுத்திருக்க வேண்டும். எவ்வளவு கறுப்பு என்றால், மன்செல் வண்ண அட்டையின் 10ஒய்ஆர் பக்கத்தில் 5 அல்லது அதற்குக் கீழ். அலகின் மேல் விளிம்பு 40 முதல் 50 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால் அது டஸ்கி. இதைவிடத் தெளிவாக ஒரு விதியை எழுத முடியாது, மறுத்து வாதாடவும் இடமில்லை. ஒரே ஒரு சிக்கல்தான். அலகை அளக்க வேண்டுமென்றால் வாத்து கையில் இருக்க வேண்டும். கையில் இருக்கிறதென்றால் அது செத்துப்போய்விட்டது.

வயலில் படுத்திருக்கிறவனுக்குக் கிடைப்பது வேறு. மங்கிய வானம், முப்பது மீட்டர் தூரம், இறக்கை அடித்துக்கொண்டே வரும் பறவை, மூன்று நான்கு விநாடி. அதற்குள் இது எந்தத் துணையினம் என்று முடிவு செய்தாக வேண்டும். செத்த வாத்தை அளக்கிற சட்டத்துக்கும் உயிருள்ள வாத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டிய மனிதனுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியைப் பற்றித்தான் இந்தப் பதிவு. வேட்டையே பிடிக்காதவர்களும் படிக்கலாம். இதில் சுடாமல் விடுவதைப் பற்றித்தான் அதிகம் இருக்கிறது.

வேலைக்காக ஓரிகனின் வில்லாமெட் பள்ளத்தாக்குக்கு வந்து குடியேறியவன் நான். எனக்கு வேட்டையைப் பழக்கியவர் அங்கே புல்விதை பயிரிடும் ஒரு விவசாயி. அமெரிக்கா முழுக்கப் புல்தரைகளுக்கு விதை போகிற பள்ளத்தாக்கு இது. ரைகிராஸ், ஃபெஸ்க்யூ என்று கண்ணுக்கு எட்டிய தூரம் வரை பச்சை. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து இறங்கும் வாத்துகளுக்கு அது விருந்து. முளைத்து வரும் புல்லை ஆயிரக்கணக்கில் வந்து கடித்துத் தின்று, ஈர மண்ணை மிதித்துச் சேறாக்கிவிட்டுப் போகும். என் நண்பர் வாத்துகளைத் திட்டுவதைக் கேட்டால் பாவமாகவும் இருக்கும், சிரிப்பாகவும் இருக்கும். ஆனால் அவரே டஸ்கி என்றால் துப்பாக்கியைத் தாழ்த்திவிடுவார். "அதுங்க என் புல்லைத் தின்னலை, அதுங்களோட ஊர்க்காரங்கதான் தின்னாங்க" என்பார்.

அவர் சொல்வது முக்கால்வாசி உண்மை. வயலைக் காலி செய்வது பெரும்பாலும் கேக்ளர் என்று வேட்டைக்காரர்கள் அழைக்கும் குட்டி வாத்து. அலாஸ்காவின் யூகான்-கஸ்கோக்விம் கழிமுகத்தில் முட்டையிடும் இனம் அது. 1960களில் சுமார் நான்கு லட்சம் இருந்தது, 1980களின் நடுவில் சுமார் 25,000-க்கு விழுந்துவிட்டது. அலாஸ்காவின் யூப்பிக் பழங்குடிக் கிராமங்களும் தெற்கே இருந்த வேட்டை நிர்வாகங்களும் 1984இல் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள், இரண்டு பக்கமும் வேட்டையைக் குறைத்துக்கொண்டது. கேக்ளர் திரும்ப எழுந்தது. எழுந்த கையோடு ஒரு காரியம் செய்தது: முன்பு கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்தது, 1990களில் மெல்ல வில்லாமெட்டுக்கு இடம் மாறிக்கொண்டது. அவ்வளவு தூரம் தெற்கே பறப்பானேன், வழியிலேயே புல் இருக்கிறதே என்று நினைத்ததோ என்னவோ.

டஸ்கியின் கதை நேர் எதிர். அது முட்டையிடுவது அலாஸ்காவின் தென்கரையில், காப்பர் ஆற்றுக் கழிமுகத்தில். 1964 மார்ச் 27, புனித வெள்ளியன்று 9.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. வட அமெரிக்காவில் பதிவானவற்றிலேயே பெரியது. அந்தக் கழிமுகம் முழுக்க ஒரே மூச்சில் இரண்டு மீட்டருக்கு மேல் உயர்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஏறி இறங்கிக்கொண்டிருந்த சதுப்பு நிலம் மேட்டு நிலமானது. புல் இருந்த இடத்தில் வில்லோவும் ஆல்டரும் புதராக வளர்ந்தன. புதர் வந்தால் அதில் பதுங்க மிருகம் வரும். பழுப்புக் கரடி, கொயோட்டி, வெண்தலைக் கழுகு என்று கூடுகளைத் தேடி வர ஆரம்பித்தன. அடி உடனே தெரியவில்லை என்பதுதான் விசித்திரம். 1970களின் நடுவில் டஸ்கியின் எண்ணிக்கை சுமார் 25,000 வரைகூடப் போனது. அப்புறம்தான் சரிவு. பின்னாளில் சில ஆண்டுகள் 10,000-க்கும் கீழே போயிருக்கிறது. குட்டைகளின் நடுவே செயற்கைத் தீவுகளை மிதக்கவிட்டுக் கூடு கட்ட இடம் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது ஓரளவுக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

ஆக, ஒரே வயலில் ஒரே காலையில் இரண்டு கறுத்த வாத்துகள் இறங்குகின்றன. ஒன்று விவசாயிக்குத் தலைவலியாகும் அளவுக்குப் பெருகியது. இன்னொன்றின் கூட்டம் மொத்தமும் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகையளவுகூட வராது. போதாததற்கு டஸ்கிக்கு வேட்டைக்காரன் வைத்த பொம்மை வாத்துகளை நம்பி எளிதில் இறங்கிவிடும் குணம் வேறு. மற்ற துணையினங்களைவிட அது குண்டுக்கு அதிகம் ஆளாகிறது என்பது நெடுநாள் கணக்கு. அதைக் காப்பாற்றத்தான் 1960களின் நடுவில் பாஸ்கெட் ஸ்லோ, ஆங்கெனி, வில்லியம் ஃபின்லி என்று மூன்று சரணாலயங்களை இந்தப் பள்ளத்தாக்கில் ஏற்படுத்தினார்கள்.

இரண்டே வகை என்றால் சமாளித்துவிடலாம். இங்கே குளிர்காலத்தில் ஏழு வகை வருகின்றன. கேக்ளர், அலூஷியன், டாவர்னர், லெஸ்ஸர், டஸ்கி, வான்கூவர், வெஸ்டர்ன். ஏழுக்கும் கறுப்புக் கழுத்து, வெள்ளைக் கன்னம், பழுப்பு உடம்பு. கேக்ளர் ஒன்றரைக் கிலோ இருக்கும், மல்லார்ட் என்ற சாதாரணக் காட்டுத் தாராவைவிடக் கொஞ்சம்தான் பெரியது. வெஸ்டர்ன் நான்கு கிலோவைத் தாண்டும்.

2004இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் கனடா வாத்தை இரண்டு தனி இனங்களாகப் பிரித்தது. பெரியவை ஒரு பக்கம், சிறியவை ஒரு பக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கோடு டாவர்னருக்கும் லெஸ்ஸருக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அறிவியல்படி அவை இரண்டும் வேறு வேறு இனம். பறக்கும்போது அவற்றை நிச்சயமாகப் பிரித்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன். கையில் வைத்திருந்தாலே தடுமாறுவார்கள். அதே சமயம் எடையில் பெரிய வித்தியாசம் உள்ள லெஸ்ஸரும், எல்லாவற்றிலும் பெரியதான ஜெயன்ட்டும் ஒரே இனத்தின் துணையினங்கள். நல்லவேளையாக வேட்டைக்காரனுக்கு டாவர்னரா லெஸ்ஸரா என்ற கேள்வி தேவையில்லை. இரண்டையும் சுடலாம். அவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இது டஸ்கியா, இல்லையா?

புதிதாக வருகிறவர்கள் அளவைத்தான் முதலில் பார்ப்பார்கள். தனியாக வரும் வாத்தின் அளவை வானத்தில் கணிக்கவே முடியாது என்பது என் முடிவு. பக்கத்தில் ஒப்பிட எதுவும் இல்லாதபோது நாற்பது மீட்டரில் இருக்கும் கேக்ளரும் எழுபது மீட்டரில் இருக்கும் டஸ்கியும் ஒன்றாகத்தான் தெரியும். கலப்புக் கூட்டமாக வந்தால் பிழைத்தோம், ஒன்றுக்கொன்று அளவுகோலாகிவிடும். மற்றபடி இறக்கை அடிக்கும் வேகத்தைப் பார்க்க வேண்டும். கேக்ளர் படபடவென்று அடிக்கும், வெஸ்டர்ன் நிதானமாகத் துடுப்புப் போடும், டஸ்கி இரண்டாவதற்கு நெருக்கம். தூரத்தில் வரும் சொந்தக்காரரை முகம் தெரியும் முன்னே நடையை வைத்துக் கண்டுபிடிக்கிறோமே, அந்த மாதிரிப் பழக்கம் இது. எழுதிக் காட்டி விளக்க முடியாது.

அடுத்தது குரல். என்னைக் கேட்டால் இதுதான் முதலில் வர வேண்டும், ஏனென்றால் பனிமூட்டத்தில் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் வேலை வரும். கேக்ளர் கூட்டம் கீச்சுக் குரலில் ஓயாமல் கத்திக்கொண்டே வரும். வெஸ்டர்ன் ஆழமாக, மணி அடித்தாற்போல ஹாங்க் என்று கூப்பிடும். டஸ்கியின் குரல் தாழ்ந்தது, கொஞ்சம் கரகரப்பு. சின்னக் கூட்டமாக வரும், அதிகம் பேசாது. அமைதியாக நாலைந்து வாத்து சேர்ந்து வந்தால் என் நண்பர் கையை உயர்த்திக் காட்டுவார், எல்லோரும் அசையாமல் இருப்போம்.

கூட்டம் கூட்டமாகப் பார்ப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. இந்த வாத்துகள் பெரும்பாலும் ஆயுளுக்கும் ஒரே ஜோடி. குஞ்சுகள் முதல் குளிர்காலம் முழுவதும் தாய் தகப்பனோடுதான் இருக்கும். பெண் வாத்து தான் பொரித்த இடத்துக்கே முட்டையிடத் திரும்பும். அதனால்தான் குளிர்காலத்தில் ஒரே வயலில் மேய்ந்தும் ஏழு வகையும் ஏழாகவே நீடிக்கின்றன. கூட்டத்தில் ஒன்றை டஸ்கி என்று கண்டுபிடித்துவிட்டால் அதை ஒட்டி வருகிற மூன்று நான்கும் அதன் குடும்பமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, மார்பின் நிறம். சட்டம் இதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது, வயலில் அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். தலைக்கு மேலே போகும் எந்த வாத்துக்கும் மார்பு கறுப்பாகத்தான் தெரியும், ஏனென்றால் வெளிச்சம் அதன் முதுகில் விழுகிறது, நாம் நிழலைப் பார்க்கிறோம். மழையில் நனைந்த மார்பு ஒரு படி கறுத்துவிடும். சேற்றில் மேய்ந்துவிட்டு வந்தது என்றால் கேட்கவே வேண்டாம். இந்தப் பகுதியில் காலையில் வேட்டை நேரம் மற்ற இடங்களைவிடத் தாமதமாகத் தொடங்கி, மாலையில் சீக்கிரம் முடிவதில் நியாயம் இருக்கிறது. அந்த அரைமணி வெளிச்சம்தான் பழுப்புக்கும் கறும்பழுப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

நிறத்தை நிறமாகப் பார்க்காமல் எல்லைக்கோடாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு இது பிடிபட்டது. கறுப்புக் கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தைப் பாருங்கள். வெஸ்டர்னில் அந்தக் கோடு பளிச்சென்று வெட்டினாற்போல இருக்கும், ஏனென்றால் மார்பு வெளிறியது, முதுகைவிடவே வெளிறியது. டஸ்கியில் கழுத்து அப்படியே மார்புக்குள் கரைந்துபோகும். மார்பு, விலா, முதுகு எல்லாம் ஒரே சாக்லேட் நிறம். இந்தக் கரைதல் மங்கிய வெளிச்சத்திலும் தெரியும். வாத்து இறங்குவதற்காகப் பக்கவாட்டில் சாய்ந்து திரும்பும் நொடி வரும், அப்போது சூரியன் நம் முதுகுப் பக்கம் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். மறைவிடத்தை எந்தத் திசை பார்த்து அமைக்கிறோம் என்பதில் காற்றைப் போலவே இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். பலரும் எடுப்பதில்லை.

கேக்ளரும் கறுத்த மார்புதான், சில சமயம் ஊதா மினுக்குகூட இருக்கும். ஆனால் அதற்குக் கழுத்து குட்டை, அலகு குழந்தைகள் வரையும் வாத்தின் அலகு மாதிரி ஒட்டவைத்த துண்டு. ஆகவே வயலில் நான் போடும் கணக்கு இவ்வளவுதான்: கறுப்பாக இருக்கிறது, ஆனால் குட்டி இல்லை என்றால் துப்பாக்கி கீழே. அது வான்கூவராகவும் இருக்கலாம். அலாஸ்காவின் தென்கிழக்குக் காடுகளிலும் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலும் வாழும் அந்த வாத்து டஸ்கியைப் போலவே கறுத்தது, கொஞ்சம் பெரியது. சட்டத்தில் 50 மில்லிமீட்டர் என்ற மேல்வரம்பு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் 49-ஐயும் 52-ஐயும் பறக்கும்போது யாராலும் பிரிக்க முடியாது. சட்டத்தின் கோடு இயற்கையில் அப்படியே இல்லை, ஒரு வகையின் ஓரம் இன்னொரு வகையின் ஓரத்தோடு கலந்து கிடக்கிறது. அதிகாரிகளும் இது தெரிந்துதான் துணையினத்தின் பெயரோடு நிற்காமல் அளவையும் நிறத்தையும் எழுதிவைத்தார்கள்.

அந்த மன்செல் அட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவியர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த வண்ண முறை அது. இன்று அதை அதிகம் கையில் எடுப்பவர்கள் மண் ஆய்வாளர்கள்தான். 10ஒய்ஆர் என்பது மஞ்சள் கலந்த பழுப்புச் சாயலின் பக்கம். எண் 0 முழுக் கறுப்பு, 10 முழு வெள்ளை. மண்ணின் நிறம் பார்க்கும் சாதனத்தை ஒரு வாத்தின் நெஞ்சில் வைத்துக் குற்றமா இல்லையா என்று பார்க்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் வேடிக்கைதான்.

1980களின் நடுவிலிருந்து பல காலம் இங்கே சோதனைச் சாவடிகள் இருந்தன. வேட்டைக்காரர்கள் அன்றன்று சுட்ட வாத்துகளை அங்கே கொண்டுவந்து காட்டியே ஆக வேண்டும். மேசையில் அலகை அளக்கும் கேலிப்பர், வண்ண அட்டை, ஈரத்தைத் துடைக்க ஒரு துணி. சீசனுக்கு இத்தனை டஸ்கிதான் என்று அப்போது ஓர் ஒதுக்கீடு உண்டு. அது தீர்ந்தால் எல்லோருக்கும் சீசன் முடிந்தது. ஒருவர் ஒரு டஸ்கியைச் சுட்டுவிட்டால் அவருடைய பெர்மிட் அந்த ஆண்டுக்கு அத்தோடு சரி. அலகு 41 வந்து, மார்பு ஐந்தா ஆறா என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாலை எனக்கு நினைவிருக்கிறது. வாத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பக்கம், ஊழியர் ஒரு பக்கம், சுற்றி நாங்கள் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு கருத்து. துடைத்துக் காயவிட்டுப் பார்த்ததில் ஆறு. அவர் விட்ட பெருமூச்சு வாசலில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும்.

2015 வாக்கில் சாவடிகளை எடுத்துவிட்டு, இந்தப் பகுதியில் டஸ்கியைச் சுடவே கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். நிர்வாகத்துக்குச் செலவு மிச்சம், விதியும் எளிது. ஆனாலும் சாவடிகள் போனதில் எனக்கு வருத்தம் உண்டு. வாத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது டாவர்னர், இது கேக்ளர், இந்த மார்பைப் பார் என்று ஒருவர் சொல்லச் சொல்லக் கேட்கும் பள்ளிக்கூடம் வேறு எங்கே கிடைக்கும்? இப்போது இருப்பது ஒரு தேர்வு மட்டும். பெர்மிட் வேண்டுமென்றால் வாத்துகளை அடையாளம் காணும் தேர்வில் 80 சதவீதம் எடுக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்கிலும் இதே மாதிரித் தேர்வு, இதே 80.

தடை போட்டுக் காப்பாற்றுவது பலித்த கதையும் இதே ஏழில் இருக்கிறது. அலூஷியன் தீவுகளில் மென்மயிர் வியாபாரிகள் கொண்டுபோய் விட்ட நரிகள் அங்கிருந்த வாத்துகளைத் தின்று தீர்த்தன. அழிந்துவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய பிறகு, 1962இல் நரி போய்ச் சேராத புல்டிர் தீவில் ஒரு சிறு கூட்டம் இருப்பது தெரிந்தது. தீவுகளில் நரிகளை ஒழித்தார்கள். குளிர்காலத்தில் அவை தங்கும் இடங்களில் 1975 முதல் வேட்டையை மூடினார்கள். அந்த ஆண்டு எண்ணியபோது 790 வாத்து. 2001இல் ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கும்போது முப்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. இன்று அதையும் சுடலாம். கழுத்தின் அடியில் அகலமான வெள்ளை வளையம் இருந்தால் அலூஷியன் என்பார்கள். வளையத்தை மட்டும் நம்ப வேண்டாம், மற்றவற்றிலும் மெல்லிய வளையம் வரும்.

அதே 1962இன் ஜனவரியில் மினசோட்டாவின் ராச்செஸ்டரில் இன்னொன்றும் நடந்தது. ஹெரால்ட் ஹான்சன் என்ற ஆய்வாளர் அங்கே வாத்துகளை எடை போட்டார். எடையைப் பார்த்துவிட்டு முதலில் தராசைத்தான் சந்தேகப்பட்டார்களாம். அழிந்துவிட்டதாக நினைத்திருந்த ஜெயன்ட் துணையினம் ஊர் நடுவே ஏரியில் நீந்திக்கொண்டிருந்திருக்கிறது! எல்லோர் கண்ணிலும் பட்டது, யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஐரோப்பாவிலும் இதே தலைவலி வேறு உருவத்தில் இருக்கிறது. வெண்நெற்றி வாத்தில் கிரீன்லாந்து வகைக்கு அலகு ஆரஞ்சு, ரஷ்யாவிலிருந்து வரும் வகைக்கு இளஞ்சிவப்பு. கிரீன்லாந்து வகை குறைந்துகொண்டே வருவதால் ஐஸ்லாந்து 2006இல் அதன் வேட்டையை நிறுத்தியது. பின்லாந்தில் 2014இல் பீன் வாத்து வேட்டையையே நிறுத்தும்படி ஆனது. அங்கே குறைந்துவந்தது டைகா வகை. நீண்ட அலகில் ஆரஞ்சு அதிகம். டன்ட்ரா வகைக்குக் குட்டையான தடித்த அலகு, கறுப்பில் ஓர் ஆரஞ்சுப் பட்டை. அலகின் நிறத்தைப் பறக்கும்போது பார்த்துச் சுடு என்று சொல்வதைவிட மொத்தமாகத் தடை போடுவது மேல் என்று அவர்கள் நினைத்திருந்தால் குறை சொல்ல மாட்டேன். ஓரிகனில் அப்படிச் செய்ய முடியாது, கேக்ளரைச் சுடாவிட்டால் விவசாயி விடமாட்டார்.

இந்த ஆண்டு புதிதாகத் தேர்வு எழுதப்போகிறவர்கள் சிலர் என்ன படிப்பது என்று கேட்டிருந்தீர்கள். படங்களை மனப்பாடம் செய்யாதீர்கள், அதெல்லாம் நல்ல வெயிலில் எடுத்தவை. பறக்கும் வாத்துகளின் வீடியோக்களைத் தேடி, முதலில் திரையைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேளுங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு இறக்கை அடிப்பதை மட்டும் பாருங்கள். சீசனுக்கு முன்னால் ஒரு மேகமூட்டமான காலையாகப் பார்த்துத் துப்பாக்கி இல்லாமல் பாஸ்கெட் ஸ்லோவுக்குப் போங்கள், தொலைநோக்கி போதும். அங்கே கழுத்தில் சிவப்புப் பட்டை போட்ட வாத்து கண்ணில் பட்டால் அது டஸ்கி. கோடையில் இறகு உதிர்ந்து பறக்க முடியாமல் இருக்கும்போது காப்பர் ஆற்றில் பிடித்து மாட்டியது. பட்டையில் இருக்கும் வெள்ளை எழுத்துகளைக் குறித்து, சரணாலய அலுவலகத்தில் சொல்லிவிட்டு வாருங்கள். அப்புறம் பட்டையை மறந்துவிட்டு, அதன் பக்கத்தில் பட்டை இல்லாமல் மேய்கிற மற்ற மூன்றின் கழுத்தும் மார்பும் சேரும் இடத்தைப் பாருங்கள்.